முத்தையாவின் ‘வயிற்று வலி’யோடு பதுளைக்கு

போன மாசியில், கொழும்பிலிருந்து பத்து மணி நேரம் ரயிலில் தெமோதரைக்குப் போனேன். ஊர் சுற்ற இல்லை. என் பள்ளிக்கூட்டாளி முத்தையா சாப்பிடக்கூட உட்காருவதில்லை என்று அவன் மகள் போன் செய்திருந்தாள். கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. பவுத்திரம். எனக்கும் இருந்த வியாதிதான்.

தெமோதரை ஸ்டேசனில் இறங்கியதும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு இங்கேதான் ரயில் ஏறுவோம். ஸ்டேசனுக்கு நேர் கீழே இருக்கிற சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும், பெட்டி முழுக்கக் கூவுவோம். முத்தையாவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்கும். இப்போது அவன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஒரு காலைச் சாய்த்து நின்றபடி, “வாடா” என்று மெல்லச் சொன்னான்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டும். பெண்கள் நிற்பார்கள், சம்பந்தியும் நிற்பார். இவன் வயிற்று வலி என்று சொல்லிச் சொல்லி, கிளினிக் அட்டையிலும் அதுவே ஏறிவிட்டது. ஆறு வருடமாக வயிற்றுக்கு மருந்து குடிக்கிறான். சீழ் வடிவதோ வேறு இடத்தில்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு பஸ். பதுளைக்கு நாற்பது நிமிடம், எண்பது ரூபாய். சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தான்.

பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் கேட்க, நர்ஸ் தமிழில் கேட்டார். “எங்கங்க ஐயா வலி?”

“வயிறுதாங்க மிஸ்.”

எனக்கு வந்த கோபத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். “எனக்குப் பவுத்திரம் மிஸ். பிளக் வச்சாங்க. இவனுக்கும் அதேதான்.” பின்னால் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்தையா, “ஆமாங்க. ஆறு வருசமா” என்றான்.

பிளக் என்பது கூம்பு மாதிரி ஒரு சின்ன அடைப்பான். ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோல் வரை சீழ் போட்ட வழிக்குள் அதை வைத்துத் தைப்பார்கள். சதை வளர்ந்து வழி மூட வேண்டும். எல்லோருக்கும் மூடாது, எனக்கு முதல் தடவை கழன்று வந்துவிட்டது, இரண்டாவதுதான் பிடித்தது. முத்தையாவுக்கு முதலில் ஸ்கேன், பிறகு சீழ் வடிந்து வற்ற அந்த வழிக்குள் ஒரு நூல், அதற்குப் பிறகுதான் பிளக் பொருந்துமா என்று பார்ப்பார்களாம்.

போகிறவர்கள் ஏழு மணிக்குள் வரிசைக்குப் போய்விடுங்கள். மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் வைத்த பிறகு பாரம் தூக்குவதும் நீண்ட பஸ் பயணமும் டொக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டில் பிளேன்டீ குடிக்கும்போது முத்தையா கேட்டான். “ஒனக்கு எப்படா வச்சாங்க?”

“நாலு வருசமாச்சு.”

“அப்ப நான் போன் பண்ணுனேன்ல. மஞ்சக்காமாலைன்னு சொன்ன.”

நான் டீக் கிளாஸைக் கீழே வைத்தேன்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா, நானும் அன்னைக்கே வந்திருப்பேன்டா.”

பெரட்டில் பொய் சொன்ன அவனையாவது புரிந்துகொள்ளலாம். நான் யார் முன்னால் நின்றேன்? போனில் இருந்தது முத்தையா மட்டும்தான்.