பேயோடு வந்த சிரிப்பு

சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு நான் முதன்முதலாகக் கப்பலில் வந்தபோது, டிவி ஹாலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் அவர். போர்ட் பிளேயரிலேயே டாலிகஞ்சில் வீடு என்றார். மே மாதப் புழுக்கத்திலும் தலையில் குரங்குக் குல்லா, கையில் வேர்க்கடலைப் பொட்டலம்.

ஓடியது ஒரு தமிழ்ப் பேய்க் காமெடிப் படம். ஹாலில் பாதிப் பேர் பெங்காலிகள், தெலுங்குக்காரர்கள். ஒவ்வொரு ஜோக் முடிந்ததும் அவர் எழுந்து, "அரே சுனோ" என்று ஆரம்பித்து அதை இந்தியில் சத்தமாகச் சொல்வார். அது புரிந்து அவர்கள் சிரிப்பதற்குள் திரையில் பேய் வந்து நின்றிருக்கும்.

எனக்கு எரிச்சலாகிவிட்டது. "அண்ணே, பேயைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க. படமே கெட்டுப்போகுது."

"பேய் வந்தா அவங்களுக்கே தெரியும் தம்பி. ஜோக்கை யாராவது சொல்லணும்ல? நாம மட்டும் சிரிச்சா, பாவம், அவங்க முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்று கடலையை நீட்டினார்.

அடுத்த முறை பேய் வந்தபோது நானும் அலறிக்கொண்டே சிரித்தேன்.

கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவரைப் பார்க்கவேயில்லை. போன வாரம் போர்ட் பிளேயரில், பத்துபஸ்தியில் இருக்கும் என் அறையில் அதே படத்தைப் போனில் தனியாகப் பார்த்தேன். ஜோக்குக்குச் சிரிப்பு வந்தது, பேய்க்குப் பயம் வந்தது, எல்லாம் அதனதன் இடத்தில்.

பாதியில் நிறுத்திவிட்டேன்.