பொடிக்கண்ணி வலை

ஊர் அவருக்கு வைத்த பெயர் 'சிரிக்காதீங்க'. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்டுடியோவில் இருபத்தாறு வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுப்பவர். வந்து உட்காருகிற எவரிடமும் அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுதான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு வலைப் பைத்தியம் பிடித்தது. மனைவியின் அண்ணனுக்கு ஒரு விசைப்படகு உண்டு. உரிமம் புதுப்பிப்பதற்காக அதைப் படம் எடுக்கப் போனவர், தளத்தின் மேல் காயத் தொங்கிய வலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அதன் நிழல் பலகையெல்லாம் பொடிப்பொடிக் கட்டமாக விழுந்திருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் துறைமுகம்தான். "மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. வலை கண்ணச் சிமிட்டாது" என்பார்.

அங்கே வலை தைக்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, வலையை இவருக்காகத் தூக்கிப் பிடிப்பவள் அவள்தான். ஒருநாள் மச்சானின் புது வலையைப் பிரித்துக் காட்டினாள்.

"இதப் பாத்தாலே வயிறு எரியுது. நேத்துப் பொறந்த மீன்குஞ்சுகூடத் தப்பாது. தடை பண்ணின வலை. இதைத் தைக்க மாட்டேன்னு உங்க மச்சான்கிட்டச் சொல்லிட்டேன்."

அவர் காதில் பாதிதான் விழுந்தது. கண்ணி எவ்வளவு பொடிசு என்று காட்ட, ஒரு தீக்குச்சியை வலைமேல் வைத்துப் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

அந்தப் படம் நூலகக் கண்காட்சியில் ஆறுதல் பரிசு வாங்கிச் சுவரில் தொங்கியது. கண்ணாடி போட்ட ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. தானே போய்ப் பக்கத்தில் நின்றார்.

"ரொம்பப் பொடிசா இருக்கே?"

"தீக்குச்சித் தலைகூட நுழையாது சார். நம்ம மச்சான் படகுதான். நீலக் கலரு, துறைமுகத்துல மூணாவது மேடை."

அந்தக் கண்ணாடிக்காரர் மீன்வளத்துறை அதிகாரி என்பது செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. வலையை அள்ளிக்கொண்டு போனார்கள். படகு இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். மச்சான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "தைக்க மாட்டேன்னு வாய்க்கு வாய் பேசினாளே, அவ வேலைதான்!" மீன் ஏலக் கொட்டகையில் பத்து பேர் முன்னால் அக்காவை ஏசி, அன்றே வேலையை விட்டு நிறுத்தினார். மற்றப் படகுக்காரர்களிடமும் சொல்லிவைத்தார். துறைமுகத்தில் அவளுக்கு ஊசி பிடிக்க இடமில்லாமல் போனது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயால் கெட்டது இன்னொருத்தி. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தே ஐந்து மாதம் ஓட்டினார். தடை செய்த வலைதானே, பிடித்தது நியாயம்தானே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பார்த்தார். தண்டனை யாருக்கு என்ற கேள்வி வந்ததும் வக்கீல் வாயை மூடிக்கொண்டார்.

துறைமுகப் பக்கம் போக முகமில்லை. கேமரா வீட்டுக்குள் திரும்பியது: கொசுவலை, வெங்காயப் பை, மின்விசிறிக் கூண்டு, டீ வடிகட்டி.

"வடிகட்டியக் குடுங்க. நீங்க படம் புடிச்சு முடிக்கிறதுக்குள்ள பால் திரிஞ்சிடும்" என்றாள் மனைவி. "அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வர்றதில்ல. என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

அவர் வடிகட்டியை நீட்டினார். எந்த வலையைப் பார்த்தாலும் அதைத் தூக்கிப் பிடிக்கிற இரண்டு கைகள்தான் அவருக்குத் தெரிந்தன.

ஒரு காலை அந்த அக்காவே ஸ்டுடியோவுக்கு வந்தாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமாம். உட்கார்ந்தபடி சொன்னாள்: "போட்டுக் குடுத்தது யாருன்னு தெரிஞ்சா ஒரே ஒரு கேள்வி கேப்பேன், அண்ணே."

எடுத்த படம் ஆடிப்போயிருந்தது. மறுபடி எடுத்தார், அதுவும் ஆடியது. கேமராவை மேஜைமேல் வைத்தார்.

"நான்தாம்மா. கண்காட்சிக்கு வந்த அதிகாரிகிட்டப் பெருமையில உளறிட்டேன்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "உங்களாலதான்னு எப்பத்திலிருந்து தெரியும்?"

"வலையப் புடிச்ச அன்னிக்கே தெரியும்."

"என்னை நிறுத்தினது தெரியுமா?"

"தெரியும்."

அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "படத்த எடுங்க. எனக்கு நேரமாகுது" என்றாள்.

அன்று மதியமே கடையைப் பூட்டிவிட்டு மச்சானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் அடிக்கத்தான் எழுந்தார், பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"வலை போனாப் போகுது மாப்ள. அந்தப் பொம்பளையப் பத்து பேர் முன்னாடி கேவலமாப் பேசிட்டேனேய்யா. அஞ்சு மாசம் வாயில என்ன வச்சிருந்தீங்க?"

மறுநாள் மச்சான் அவள் வீட்டுக்குப் போய் வேலைக்குக் கூப்பிட்டார். அவள் வர மறுத்தாள். "எந்தப் பத்து பேர் முன்னாடி ஏசினீங்களோ, அவங்க முன்னாடி உண்மையச் சொல்லுங்க. அது போதும்" என்றாள். ஏலக் கொட்டகையில் எல்லோரும் கூடியிருக்கும்போது மச்சான் சொன்னார். இவரும் பக்கத்தில் நின்று, தன் வாயால் இன்னொருமுறை சொன்னார்.

அக்கா ஆலைக்கே போகிறாள். மச்சான் இவரிடம் தேவைக்குத்தான் பேசுகிறார். வழியில் எதிர்ப்பட்டால் அவள் தலையை மட்டும் அசைப்பாள். அண்ணே என்று கூப்பிடுவதில்லை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.