போடியார் புகழ்ந்த காணி

போடியார் எங்கள் காணியைப் புகழத் தொடங்கிய அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. அதுவரைக்கும் அந்த மனிதரின் வாயில் அது உப்புக் காணி, மாடும் மேயாத காணி.

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் எங்கள் வட்டை, ஊர் வயல்வெளி. போடியார் அங்கே பெரிய நிலக்காரர்; அவருடைய வயலும் எங்களுடைய வயலும் ஒரே வரம்புக்கு இரண்டு பக்கம். எங்களது தாய்வழிக் காணி. அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தது, அம்மா எனக்குச் சீதனமாகக் கொடுக்க வைத்திருந்தது. சம்பந்தமும் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வயலைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டு வெற்றிலையைத் தொட்டார்கள். அந்த மாரிக்குத்தான் போடியார் வரம்பைத் தாண்டிக் கலப்பை இறக்கினார். அதுவும் தன் பாட்டன் காணி என்றார். அம்மா போய் மாடுகளை மறித்துத் துரத்திவிட்டு, தானே விதைத்தார். விதைத்த கையோடு வழக்கும் வைத்தார்.

அப்போது வாவிக்கு எங்கள் பக்கம், படுவான்கரையில், சின்ன வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றம், சின்னக் கோடு ஒன்று கூடும். நடந்தே போகலாம். எங்களுக்குச் சாட்சி அந்த வட்டையைப் பார்த்துவந்த கிழ வட்டவிதானை. கண் மங்கிவிட்டது, ஆனால் எந்த வரம்பு யாருடையது என்று காலால் தடவியே சொல்லிவிடுவார். நீதவான் வயலுக்கே வந்து, வரம்பில் நின்று அவரைக் கேட்பதாகச் சொல்லியிருந்தார். அப்படிக் கேட்டால் காணி எங்களுக்குத்தான் என்று ஊரே சொன்னது.

அதற்குப் பிறகு ஒருநாள்தான் கோயிலடியில் போடியார் அம்மாவுக்கு வழிவிட்டு நின்றார்.

"மச்சாள், வழக்குக் கிடக்கட்டும். உங்கட காணியப் போல ஒண்டு இந்த வட்டையில இல்லகா. பொன் விளையிற மண்."

"இப்பதான் கண் திறந்ததாக்கும். போன வருசம் மாடும் மேயாது எண்டீங்க."

"அது கோவத்தில பறைஞ்சது மச்சாள்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் நாவூறு கழித்தார். "அவன்ட நாக்குப் பொல்லாத நாக்கு மனே. வேளாண்மை கருகிப்போயிரும்" என்றார். கெடுதல் பயிருக்குத்தான் வரும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பயிர் கருகவில்லை. அது முழங்காலுக்கு மேல் பச்சையாய் நின்றதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வழக்கு நாளில் போடியார் எழுந்து, "ஐயா, எப்பிடிப்பட்ட காணி எண்டு மச்சாளிட்டையே கேளுங்க" என்றார். அவ்வளவுதான். நீதவான் கேட்டார்.

"வட்டைக்குள்ள அதுதான் ஐயா ஒசந்த காணி. போடியார்ட காணி மூண்டு சேந்தாலும் ஈடாகாது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். போடியாரும் சிரித்தார். நீதவான் பேனையைக் கீழே வைத்தார்.

"அம்மா, யோசித்துச் சொல்லுங்கள். அவ்வளவு பெறுமதியா?"

"என்ட தாய் தந்த காணிய நான் குறைச்சுச் சொல்லுவனா?"

அவர் குனிந்து எழுதினார். அவ்வளவு பெறுமதியான காணியின் வழக்கைக் கேட்க இந்தக் கோட்டுக்கு அதிகாரம் இல்லை, இனி வழக்கு வாவிக்கு அங்கால் புளியந்தீவிலுள்ள பெரிய கோட்டுக்குப் போகும் என்றார்.

வெளியே போடியார் குடையை விரித்தார். "ஓடத்தில இடமிருக்கு மச்சாள். ஒண்டாப் போவம்."

"நான் நீந்திப் போவன்" என்றார் அம்மா.

பெரிய கோட்டில் முதலில் சொன்னது இதுதான்: நிற்கிற பயிரை அம்மா வெட்டலாம், அதற்குப் பிறகு தீர்ப்பு வரும்வரை இரண்டு பக்கத்தாரும் அந்தக் காணியில் கால் வைக்கக் கூடாது. மறுகா வழக்கை ஒத்திவைத்தார்கள், தவணைக்கு மேல் தவணை. வட்டவிதானையைக் கைபிடித்து ஓடத்தில் ஏற்றிக் கொண்டுபோவோம். கூப்பிடாமலே திருப்பி அனுப்புவார்கள். "வரம்பத் தூக்கிக் கொண்டுவந்து கோட்டில வைங்கடி, தடவிச் சொல்லுறன்" என்று ஓடம் முழுக்கச் சிரிக்கவைப்பார். அடுத்த மாரியில் அவர் கண்ணை மூடிவிட்டார்.

வரம்பு என்பது வருசா வருசம் மண் அணைத்தால்தான் நிற்கும். எங்களுடையதை யாரும் தொடக் கூடாது. மழை இறங்கினால் அம்மா சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, தெருவில் நின்று வயலைப் பார்ப்பார். வரம்பு முதலில் நடுவில் தாழ்ந்தது, பிறகு அங்கங்கே உடைந்தது. மாப்பிள்ளையின் தாய் வந்து "காணி எப்ப கைக்கு வரும்?" என்று கேட்டார். அம்மா அடுத்த தவணைத் தேதியைச் சொன்னார். அதோடு அவர்கள் வரவில்லை. அம்மா அன்று கோட்டில் சொன்னதை நான் இன்றைக்கும் பிழை என்று சொல்லமாட்டேன். அது உயர்ந்த காணிதான்.

கடைசியாகப் பெரிய கோட்டிலிருந்து காணி பார்க்க ஆள் வந்தபோது, போடியார் வயலும் எங்கள் வயலும் ஒரே வெளியாகக் கிடந்தன.

"வரம்பு எங்கே அம்மா?"

அம்மா சேற்றில் இறங்கி, வட்டவிதானையைப் போலக் காலால் தடவினார். ஒள்ளுப்பம் இங்கால், மறுகா அங்கால். காலில் ஒன்றும் தட்டவில்லை. வந்தவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்ல காணி மச்சாள்" என்றார் போடியார், மெதுவாக.

"ஓம். நல்ல காணிதான்."

அம்மா கரையேறிக் காலைக் கழுவினார். தீர்ப்புக் கேட்க அவர் வாவி கடக்கவில்லை.