முதுகு காட்டாத விருந்து

நேப்பிள்ஸ் நகரில் பேருந்து ஓட்டிய ரொசால்பாவுக்கு, இத்தாலியின் கோடைத் திருநாளான ஆகஸ்ட் பதினைந்தாம் நாள் விருந்து வாய்த்ததே இல்லை. ஊரே குடும்பத்தோடு உண்ணும் அந்தப் பகலில் அவளுக்கு மட்டும் வேலை இருக்கும். ஓய்வு பெற்றதும் அப்பா, தங்கை, மகன், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் மத்தியதரைக் கடல் உல்லாசக் கப்பலில் ஏற்றினாள். இந்த ஆண்டு விருந்தை விடுவதாக இல்லை.

உணவுக்கூடத்து மேசைகளோ தரையோடு திருகப்பட்டிருந்தன. ஒன்றுக்கு நால்வர்தான்.

"பிரிஞ்சு உட்காருங்கம்மா," என்றார் பணியாளர்.

"ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகைக் காட்டிட்டு உட்கார, இதென்ன பஸ்ஸா?"

தட்டுகளோடும் ஒரு தர்பூசணியோடும் எல்லாரையும் மேல்தளத்துக்குக் கூட்டிப்போய்ப் படுக்கை விரிப்பை விரித்தாள்.

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க. மானம் போகுது," என்றாள் தங்கை இம்மகொலாத்தா.

"போகட்டும்டி. நீ தர்பூசணியை வெட்டு."

வெள்ளைச் சீருடையில் அதிகாரி வந்தார். "இங்க உட்காரக் கூடாது. எழுந்திருங்க."

"என்னை உட்கார வைக்கவே ரெண்டு பேர் பிடிச்சாங்க தம்பி," என்றார் அப்பா. "எழுப்பணும்னா நீதான் தூக்கணும்."

"சாப்பிட்டு முடிக்கிறோம். அப்புறம் கடல்லயே தள்ளுங்க," என்றாள் ரொசால்பா.

அவள் எழவில்லை. பேத்தியைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லி, அதிகாரிக்கும் இடம் விட்டாள்.