நெகட்டிவ் என்றால் கெட்டதாம்!

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்கு ஓயாத இருமல். அஸ்தம்பட்டியில் சளிப் பரிசோதனை செய்து, முடிவுச் சீட்டோடு எடப்பாடி திரும்பினோம். டாக்டரை மறுநாள்தான் பார்க்க முடியும். கணவரின் அண்ணன் பி.ஏ. படித்தவர், அந்தப் பெருமையிலேயே நடமாடுபவர். சீட்டைப் பிடுங்கிப் படித்தார்.

“நெகட்டிவ்னு போட்டிருக்குது அம்மிணி. அப்படீன்னா கெட்டதுன்னு அர்த்தம். காசநோயேதான்!”

உடனே தன் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு வரக்கூடாதென்று தடுத்தார். கணவர் அன்று சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் டாக்டர் சிரித்தார். “நெகட்டிவ்னா கிருமி இல்லைன்னு அர்த்தம்மா. நல்ல சேதிதான்.”

அண்ணனிடம் வந்து சொன்னேன். “டாக்டருங்க இங்கிலீசே வேற,” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இப்போதெல்லாம் எந்தச் சீட்டானாலும் டாக்டரிடமே அர்த்தம் கேட்டுவிடுகிறேன். அந்த பி.ஏ.விடம் படிக்கக் கொடுப்பது கல்யாணப் பத்திரிகை மட்டும்தான், அதுவும் தமிழில் அச்சடித்திருந்தால்.