முன்பாயில் ஓர் இடம்

எழுவைதீவுக் கத்தோலிக்கக் கோயிலில் பலிபீடத்துக்கு நேர்முன்னே ஒரு பாய் விரித்திருக்கும். அது சூசையம்மாவின் பாய். அவளும் இன்னும் ஐந்து பெண்களும் அதில் உட்கார்ந்து லத்தீனில் பாடுவார்கள். பாடுகிற சொல் ஒன்றுக்கும் அவர்களுக்குப் பொருள் தெரியாது. அதைப்பற்றிக் கவலையும் இல்லை. பாய் தங்களுடையது, அது போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் மடத்துவெளிச் சைவப் பெண் சிவக்கொழுந்து, கடற்தொழில் செய்யும் பிலிப்புவை விரும்பி, ஞானஸ்நானம் பெற்றுக் கத்தரீனாவாகி அந்தத் தீவில் வந்து இறங்கினாள். தகப்பன் வீட்டுக் கதவு அன்றே சாத்தியாயிற்று. முதல் பூசையில் அந்த லத்தீன் பாட்டைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒன்றும் விளங்காமலே அழுதாள். அந்தப் பாட்டுக்குள் தானும் போய்விட வேண்டும், போனால்தான் இந்தக் கடவுள் தனக்கும் சொந்தம் என்று பட்டது. பூசை முடிந்ததும் நேரே முன்பாய்க்குப் போனாள்.

“அக்கா, நானும் உங்களோடை பாடட்டே?”

“எங்கை, பாடிக் காட்டும்,” என்றாள் சூசையம்மா.

பாடினாள். காதில் விழுந்த லத்தீன் அடிகள்தான். சிறுவயதில் தேவாரம் பாடிப் பழகிய குரல். ஒவ்வொரு அடியின் முடிவிலும் தானாகவே வளைந்து நெளிந்து இறங்கியது. ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“உதென்ன இழுவை? இது பூசை, உம்மடை பிள்ளையார் கோயில் இல்லை. உந்தக் குரலோடை என்ரை பாயிலை இருக்க ஏலாது.”

அன்று தொடக்கம் பன்னிரண்டு வருடம் கத்தரீனா கடைசிப் பாயில் இருந்தாள். ஆனால் வைராக்கியக்காரி. கருவாடு காயப்போடும்போதும் தண்ணீர் அள்ளும்போதும் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு லத்தீன் பாட்டை முணுமுணுப்பாள். குரல் வளைந்தால் விரலால் ஓர் அழுத்து.

“உனக்கென்ன விசரே?” என்று பிலிப்பு ஏசுவான்.

“அவளின்ரை பாயிலை இருந்து காட்டுறன், பாருங்கோ.”

பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடினாலும் வளைவை வரவிடமாட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குரலைச் சாகடித்தாள். சூசையம்மா ஒருநாள்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அறுபத்தெட்டில் புதுப் பங்குச் சுவாமி வள்ளத்தில் வந்து இறங்கினார். இனிப் பூசையும் தமிழில், பாட்டும் தமிழில், அதுவும் எங்கள் இராகங்களில் என்று அறிவித்தார். முன்பாய்க்காரர் புதுப்பாட்டைப் பாடிப் பார்த்தார்கள். மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. சுவாமி முகத்தைச் சுளித்தார்.

“இங்கை தேவாரம் பாடின ஒருத்தி இருக்கிறாவாமே. ஆர் கத்தரீனா?”

கத்தரீனா எழுந்தாள். சுவாமி ஒருமுறை பாடிக் காட்ட, அவளும் தொடங்கினாள். வளைய வேண்டிய இடத்தில் குரல் நேராகப் போய் விழுந்தது. மறுபடி பாடினாள். மூன்றாம் முறையும் அதே கதைதான்.

“நீரும் சூசையம்மா மாதிரித்தானே பாடுறீர்,” என்று சலித்துக்கொண்டு சுவாமி பாட்டுக் கொப்பியை மூடினார்.

அப்போதுதான் சூசையம்மா முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். சற்று அரக்கி இடம் விட்டு, பக்கத்தில் பாயைக் கையால் தட்டினாள்.

“வாரும் பிள்ளை, இதிலை இரும். இப்ப நீர் எங்கடை ஆள்.”

கத்தரீனா இருக்கவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை.

“உம்மடை பாயை நீரே வைச்சிரும், சூசையம்மா. என்ரை குரலைத் தாரும்.”