கடல் உண்ணிக்கு எத்தனை கால்

அந்த ஆண்டு நான் ஐந்தாம் வகுப்பின் மாணவர் தலைவன். கரும்பலகை துடைப்பதற்காக நியமிக்கப்பட்ட தலைவன் அல்லன். ஆசிரியர் வெளியே செல்லும்போது வகுப்பை என் பொறுப்பில் விட்டுச் செல்வார், திரும்பி வந்து நான் சொல்வதை மறுவிசாரணையின்றி ஏற்பார். தெருவில் கோலி ஆட்டத்தில் தகராறு மூண்டால், ஆடாமல் நின்று பார்த்த என்னைத்தான் கேட்பார்கள். பொய் சொல்லாத பையன் என்ற பெயரை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அது தானாக வந்தது. கெடாமல் பார்த்துக்கொண்டது மட்டுமே நான் செய்தது. அன்றைய என் நிலையை முதலிலேயே பதிவு செய்வதற்குக் காரணம் உண்டு. சித்தப்பாவுக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்றை நான் கலைத்துவிட்டதாக எங்கள் உறவினர் இன்றளவும் பேசுகிறார்கள். சென்ற வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், என்னை நேரில் பார்த்தேயிராத ஒரு பேரன்முறைப் பையன் அதைச் சிரிக்கும் பொம்மைகளோடு எழுதியிருந்தான்.

சித்தப்பா என் அப்பாவைவிட மிகவும் இளையவர். அப்பா திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அந்த வருமானத்தில்தான் தம்பியைத் தூத்துக்குடிக்கு அனுப்பி விலங்கியல் படிக்க வைத்தார். அங்கேயே ஒரு கல்லூரியில் சித்தப்பாவுக்கு வேலையும் அமைந்தது. அண்ணனின் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்ற சொல்லை அவர் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கோடை விடுமுறைக்கு அவர் வந்தபோது ஒரு மரப்பெட்டியும் உடன் வந்தது. பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில் பூட்டிய பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சிறிய பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். திறந்தபோது உள்ளே ஒரு பித்தளை நுண்ணோக்கியும், கரும்பச்சைப் பாசி ஊறிய ஒரு கண்ணாடிக் குப்பியும் இருந்தன. குப்பியின் வாயைத் துணியால் மூடி, ரோஜா நிற ரிப்பனால் கட்டியிருந்தார்கள். அம்மா முதலில் முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது என்ன வாடை? மருந்துதானா, இல்ல வேற எதுவுமா?"

"ஸ்பிரிட்டு மதினி. பாசி கெடாம இருக்க ஊத்துனது. குடிக்கிறதுன்னா இம்புட்டுப் பாசியப் போட்டாக் கெடுப்பேன்?"

அம்மா சிரித்தார், நம்பவில்லை. எனக்குச் சந்தேகம் வாடையில் இல்லை, ரிப்பனில் இருந்தது. ஆண்கள் குப்பி கட்டினால் சணலால் கட்டுவார்கள். இத்தனை அழகாகப் பூ முடிச்சுப் போட மாட்டார்கள். கேட்டதற்கு, "காலேஜ் ஸ்டோர்ல குடுத்தது அப்பு" என்றார். எந்தக் கல்லூரி ஸ்டோரில் ரோஜா நிற ரிப்பன் கொடுப்பார்கள் என்று யோசித்தபடியே படுத்தேன்.

மறுநாள் ஜன்னலோர வெளிச்சத்தில், பாசியை உதறிக் கிடைத்த தூசு போன்ற ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கடல் உண்ணி என்றார். மாட்டின் மடியில் ஒட்டியிருக்கும் உண்ணிக்குத் தூரத்துப் பங்காளி. ஆனால் இரத்தம் குடிப்பதில்லை, நீந்தத் தெரியாது, பாசியிலும் கடல் மணலிலும் நகத்தால் பற்றிப் பற்றி ஊர்வது. முதுகில் நான்கு தகடுகள்: முன்னால் ஒன்று, கண்கள் இருக்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்று, பின்புறத்தை மூடிப் பெரியது ஒன்று. அப்பாவின் கடையில் பிரித்துப் போட்ட பூட்டின் தகடுகளை ஒத்திருந்தன. முன்னே நீண்ட அலகு. அதன் இருபுறமும் தடவிப் பார்க்கும் உறுப்புகள். இரண்டு ஜோடிக் கால்கள் முன்னோக்கியும் இரண்டு ஜோடிக் கால்கள் பின்னோக்கியும் நீட்டியிருந்தன. என்னையே எண்ணச் சொன்னார். எட்டு.

"எட்டு இருந்தா சிலந்தி, தேளு, உண்ணி எல்லாம் ஒரு கூட்டம். ஆறு இருந்தா பூச்சி. இத மாத்திச் சொன்னவன் விலங்கியல் வாத்தியாரே இல்ல, தெரிஞ்சுக்க."

தெரிந்துகொண்டேன். அவர் எதற்காக அதை அத்தனை அழுத்திச் சொன்னார் என்பதுதான் தெரியவில்லை.

அந்த வாரமே ஒட்டன்சத்திரத்திலிருந்து பெண்வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பெண்ணின் தந்தை அங்கே காய்கறி மண்டி நடத்துபவர். எங்கள் கடன்களையெல்லாம் மறக்கச் செய்யக்கூடிய சம்பந்தம் என்று அப்பா ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார். அவர்கள் வரவேண்டிய நாளன்று காலை சித்தப்பா நுண்ணோக்கியை முன்னறை மேசையில் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு என்னைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றார்.

"ஏலே, யாரு என்ன கேட்டாலும் பாத்ததை மட்டும் சொல்லு. எனக்காகக் கூட்டிக் கீட்டிச் சொல்லிராத."

பொய் சொல்லாதவனிடம் பொய் சொல்லாதே என்று சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது. அத்துடன் சந்தேகமும் எழுந்தது.

மண்டிக்காரர் வந்தார். சந்தையில் தக்காளிக் கூடையின் மேலடுக்கை அவர் பார்ப்பதே இல்லையாம். நல்ல பழத்தை மேலே அடுக்குவது எல்லோரும் செய்வதாதலால், கையை அடிவரை விட்டு ஒன்றை உருவித்தான் விலை சொல்வாராம். எங்கள் வீட்டையும் அப்படியே பார்த்தார். முன்னறையில் புதுத் துணி போர்த்திய நாற்காலியைத் தாண்டி நேரே சமையலறைக்குச் சென்று அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டார். தட்டில் வைத்த கேசரியை, மேலிருந்த முந்திரியை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்து உண்டார். பிறகு நுண்ணோக்கியைப் பார்த்தார்.

"ஏனுங்க, மாப்பிள்ளை இதுல என்னத்தைப் பாக்கறாருங்க?"

சித்தப்பா எழுந்து நின்று, கல்லூரியில் பாடம் நடத்தும் குரலில் கடல் உண்ணியைப் பற்றிச் சொன்னார். தகடுகளைச் சொன்னார், அலகைச் சொன்னார். "கால் எட்டு. அதான் இதோட அடையாளம். நானே எண்ணி வச்சிருக்கேன்" என்று முடித்தார். மண்டிக்காரர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடி இடித்ததால் ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தவரின் பார்வை என்மீது விழுந்தது.

"இந்தத் தம்பி பொய் பேசாதாமே? வழியில டீக்கடையில விசாரிச்சேனுங்க. தம்பி, நீ பாத்து எண்ணிச் சொல்லு."

பார்த்தேன். இரண்டு ஜோடிக் கால்கள் முன்னோக்கி இருந்தன. பின்னோக்கி ஒரே ஒரு ஜோடி. ஒடிந்துபோயிருக்குமோ என்று தேடினேன்; ஒடிந்த தடமே இல்லை. மீண்டும் எண்ணினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு" என்றேன். கேட்காத விளக்கத்தையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். "ஆறு கால் இருந்தா அது பூச்சி. உண்ணி இல்ல."

சித்தப்பா குனிந்து பார்த்தார், தலையை மெல்ல ஆட்டினார், "எட்டுத்தான் இருக்கணும்" என்று முணுமுணுத்தார். பள்ளி நாடகத்தில் அப்படித் தலையாட்டியிருந்தால் பரிசு கொடுத்திருப்பார்கள்.

மண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுலயே ரெண்டைக் கூட்டிச் சொல்றாருங்க. கண்ணுக்குத் தெரியறதுல எத்தனை கூட்டுவாரோ? வர்றமுங்க" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா என் பக்கம் திரும்பாமலே நாற்காலியின் புதுத் துணியை உருவி மடித்தார். அம்மா, "ஏன்டா, எட்டுன்னு சொன்னா உன் நாக்கு அழுகிப் போயிருமா?" என்றார். என்மீது முதலில் கோபப்பட வேண்டிய மனிதரான சித்தப்பா, அன்று மாலை என்னை சைக்கிளில் ஏற்றிச் சென்று பிரியாணி வாங்கிக் கொடுத்தார். தன் இலையிலிருந்த நல்லிக் கறியையும் எடுத்து என் இலையில் வைத்தார். மானம் போனவர் அத்தனை பசியோடு சாப்பிடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சந்தேகப்பட்டபடியே சாப்பிட்டேன்.

ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் பேச்சு வேகமாகப் பரவும். எண்ணத் தெரியாத வாத்தியார் என்ற பெயரால் சித்தப்பாவுக்கு அதன் பின் பழனிப் பக்கமிருந்தும் ரெட்டியார்சத்திரத்துப் பக்கமிருந்தும் எந்தச் சம்பந்தமும் வரவில்லை. அந்த மண்டிக்காரரின் மகள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டார், குறையொன்றும் இல்லை. அப்பா காத்திருந்து சலித்து, கடைசியில் தம்பி மெதுவாகப் பெயர் சொன்ன பெண்ணுக்கே சம்மதித்தார். அவர் சித்தப்பாவின் கல்லூரியிலேயே பணிபுரிந்தவர். அவருடைய தையல் பெட்டியில் ரோஜா நிற ரிப்பன் ஒரு சுருள் இருந்தது.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, அந்தப் பழைய நுண்ணோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தியிடம் என் நெடுநாள் வழக்கை வைத்தேன்: எட்டா, ஆறா?

"ரெண்டுந்தான். முட்டையிலருந்து வந்த குஞ்சுக்கு ஆறே காலுதான். தோலுரிச்ச பெறகு நாலாவது ஜோடி வரும்."

"இது சித்தப்பாவுக்குத் தெரியாதா?"

"அவுகளுக்கா?" சித்தி சிரித்துவிட்டார். "அன்னைக்கு அந்தக் குஞ்சு ஒண்ணைத் தேடி எடுக்கவே குப்பிப் பாசி முழுசையும் கிளறுனாகளாம். அண்ணன்கிட்ட வேணாம்னு சொல்ல வாய் வரல. வீட்டுல பொய் சொல்லாத பிள்ளை ஒண்ணு இருக்கு, அது போதும்னு சொன்னாக."

ஐந்தாம் வகுப்புத் தலைவனுக்கு இது விளங்கியிருக்க நியாயமில்லை. தன் வாய்மையை மண்டிக்காரர்தான் நம்பி வந்தார் என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். அவருக்கும் முன்பே வேறொருவர் அதை நம்பி, அதற்கேற்ற கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் ஏற்றியிருந்ததை அவன் அறியவில்லை.

குடும்பக் குழுவில் எழுதப்பட்டது பிழை. நான் எந்தச் சம்பந்தத்தையும் கலைக்கவில்லை. அந்தத் தகட்டில் இருந்தவை ஆறு கால்கள். அதை அங்கே வைத்தவர் மாப்பிள்ளை.